"கையில கண்ணு இருக்கோணும்": உடம்பு பிடிப்பது பற்றி வாசகர் கேள்விகள்

வந்த கடிதங்களில் பலவற்றில் "பெயர் போட வேண்டாம்" என்ற குறிப்பு இருந்தது. அதனால் எல்லோருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரோட்டுப் பக்கம் ஓர் இயற்கை மருத்துவமனையில் வேலை கற்றுக்கொண்டு, 27 வருஷமாகப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உடம்பு பிடித்து விடுகிறேன். அதற்கும் முன்னால் எனக்குக் குரு என் அம்மாயி. ஊரில் பிரசவம் பார்த்தவர், சுளுக்கு வழித்தவர். "அம்மிணி, கையில கண்ணு இருக்கோணும்" என்பார். நோயைப் பற்றிய கேள்விகளை மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன். கைக்குத் தெரிந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். சீசன் நேரத்தில் தினமும் ஒன்றரை ஷிப்ட். வலது தோளிலிருந்து கழுத்து வரை இறுகிக் கல்லாகிவிடுகிறது. மாதம் ஒருமுறை காசு கொடுத்து மசாஜ் செய்துகொள்கிறேன். இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் பழையபடி. காசு வீண்தானா அக்கா?
வாசகி, திருப்பூர்

வீண் இல்லை தங்கச்சி. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கிடைப்பதில் பாதியைத்தான் நீங்கள் வீட்டுக்குக் கொண்டு போகிறீர்கள்.

உங்களைப் போலவே ஒரு டெய்லர் என்னிடம் வருவார். முதல் நாள் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து வலது கையைத் தூக்கினேன். என் ஒரு கை அவர் முழங்கைக்கு அடியில், இன்னொரு கை மணிக்கட்டுக்கு அடியில். "வெயிட்ட எல்லாம் என் கையில போடுங்க" என்றேன். "போட்டுட்டேன்க்கா" என்றார். நான் சத்தமில்லாமல் என் இரண்டு கைகளையும் கீழே இறக்கினேன். அவர் கை அந்தரத்திலேயே நின்றது. கண்ணை மூடியிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. நாலைந்து நொடி கழித்து, "இப்பக் கண்ணத் திறந்து பாருங்க" என்றேன். பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அழுதுவிட்டார். வலியால் இல்லை. "நான் விட்டுட்டேன்னுதான்க்கா நெனச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

உங்கள் தோளிலும் இதுதான் நடக்கிறது. துணியைத் தள்ளிவிடக் கை முன்னால் போகும்போது தோள் ஓர் அங்குலம் மேலே ஏறுகிறது. நாள் முழுக்க ஏறி நின்றதால், அதுதான் தன் இடம் என்று உடம்பு பழகிவிடுகிறது. வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் அது இறங்குவதில்லை. இறக்க வேண்டும் என்று மூளைக்குத் தோன்றினால்தானே இறக்கும்? ஏறியிருக்கிற சேதியே அதற்குப் போய்ச் சேரவில்லை. மசாஜ் செய்கிறவரின் கை அந்தத் தசையைப் பிடித்துப் பிசையும்போது ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த இடத்திலிருந்து சேதி போகிறது. நீங்கள் விட்டுவிட்டு வருவதாக நான் சொன்ன பாதி அந்தச் சேதிதான். பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தில் செல்போனில் பேசுகிறார்கள், இல்லையென்றால் தூங்கிவிடுகிறார்கள். களைத்துப்போய்த் தூங்குகிறவரை நான் எழுப்ப மாட்டேன். ஆனால் முதல் பத்து நிமிடமாவது விழித்திருந்து, கை போகிற இடத்துக்கெல்லாம் மனதையும் அனுப்புங்கள். வலது பக்கம் முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் இரண்டு தோளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எது மெத்தையில் முழுசாகப் படிந்திருக்கிறது, எது தூக்கி நிற்கிறது? அந்த வித்தியாசத்தை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் பிடிபடும்.

கம்பெனியில் ஒரு கட்டு முடித்து அடுத்த கட்டை எடுக்கும்போது இரண்டு தோளையும் காதுவரை தூக்குங்கள், மூன்று எண்ணுங்கள், மூச்சை வெளியே விட்டுக்கொண்டே போட்டுவிடுங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். தோள் இறுகுகிறவர்களுக்குத் தாடையும் இறுகியிருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

நான் சொன்ன அந்த டெய்லர் மூன்றாம் முறை வந்தபோது வாசலிலேயே நின்று, "அக்கா, நேத்து சோறு வடிக்கறப்போ தோள் மேல ஏறி நின்னுச்சு, நானே பாத்துட்டேன்" என்றார். எனக்கு அன்றைக்கு அதுதான் கூலி.

"தசையில் இருக்கும் கழிவை எல்லாம் வெளியேற்றுகிறோம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேலை செய்த தசையில் சேரும் லாக்டிக் அமிலத்தை உடம்பே சிறிது நேரத்தில் அகற்றிவிடுகிறது. மசாஜ் மனதை இளக்கும் என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. 2004ல் 37 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது ஒரே முறை செய்தாலும் அந்த நேரத்துப் பதற்றம், இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு ஆகியவை குறைவது தெரிந்தது. பலமுறை தொடர்ந்து செய்தவர்களுக்கு மனச்சோர்வும் நாள்பட்ட பதற்றமும் நன்றாகவே குறைந்திருந்தன. "கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் மளமளவென்று இறங்கும்" என்ற விளம்பரப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. 2011ல் அதைத் தனியாகக் கணக்குப் பார்த்தார்கள். இறங்கியது மிகச் சிறிதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு மசாஜ் மருந்தாகாது. முதுகுக்குச் சாய்வில்லாத ஸ்டூலும் உயரம் பொருந்தாத மேசையும் உங்கள் தவறு இல்லை. கை மரத்துப் போனாலோ, விரலில் பிடிமானம் குறைந்தாலோ, வலி முழங்கையைத் தாண்டி இறங்கினாலோ என்னைப் போன்றவர்களிடம் வராமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: ஐடி வேலை. முடி வெட்டிய பிறகு சலூனில் தலையைப் பிடித்து இரு பக்கமும் திருப்பிச் சொடக்கு எடுத்து விடுகிறார்கள். அப்புறம் தலையே லேசான மாதிரி இருக்கிறது. இதுவும் மசாஜ்தானே?
வாசகர், சென்னை சோழிங்கநல்லூர்

தம்பி, அடுத்த முறை நாற்காலியில் உட்காரும்போதே "கழுத்துல கை வைக்க வேண்டாம்ணே" என்று சொல்லிவிடுங்கள். கழுத்தெலும்புகளில் உள்ள துளைகள் வழியாக மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் இரண்டு தமனிகள் ஏறுகின்றன. திடீரென்று வெட்டித் திருப்பும்போது அவற்றின் உள்சுவர் கிழிய வாய்ப்பு உண்டு. கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து மேலே போனால் பக்கவாதம். இளைஞர்களுக்கும் வந்திருக்கிறது. அபூர்வம்தான். ஆனால் எதற்காக அந்த ஆபத்தை எடுக்க வேண்டும்?

அந்தச் சத்தம் எலும்பு சரியான இடத்தில் உட்கார்ந்த சத்தமும் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும்போது வருவது. உச்சந்தலையில் விரல் நுனியால் அழுத்துவது, தோள்பட்டையை அமுக்கிவிடுவது இதெல்லாம் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே சொடக்கு எடுத்த பிறகு கடுமையான கழுத்து வலி, தலைசுற்றல், பார்வை இரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறல் என்று ஏதாவது வந்தால் 108க்குக் கூப்பிடுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு மாமியாரைக் கவனிப்பது, வேலைக்குப் போவது இரண்டும் சேர்ந்து உடம்பு விட்டுப்போய்விட்டது. மசாஜுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். நம் வழக்கத்தில் இல்லாத ஒன்றா இது?
வாசகி, திண்டுக்கல்

அந்தச் சொல்லைச் சில இடங்கள் கெடுத்து வைத்திருக்கின்றன. அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் வழக்கத்தில் இல்லாதது என்று யார் சொன்னார்கள்? சித்த மருத்துவம் 32 வகைப் புற மருத்துவத்தைச் சொல்கிறது. அதில் ஒன்று தொக்கணம். தொக்கணத்திலேயே ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். வெளிநாட்டுக்காரர்களிடம் ஸ்வீடிஷ் மசாஜ் என்று ஒன்று உண்டு. அதன் நீவல், பிசைதல், தட்டல் முறைகளை வகைப்படுத்திப் பெயர் வைத்தவர் 19ஆம் நூற்றாண்டின் டச்சு மருத்துவர் மெட்ஸ்கர் என்பார்கள். தாய்லாந்தின் மசாஜ் 2019ல் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் ஏறியது. நம் வீட்டிலோ நீவுவது, உருவுவது, வழிப்பது, அமுக்குவது, பிசைவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்தும் மசாஜ் என்றதும் வெட்கப்படுகிறோம்.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இரண்டும் இருக்கின்றன. சென்னை உங்களுக்குத் தூரம் என்பதால், உங்கள் மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு எங்கே என்று முதலில் விசாரியுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்வதில் யாருக்கும் சங்கடம் இருக்காது. எங்கே போனாலும் பெண்ணுக்குப் பெண்தான் சிகிச்சை தர வேண்டும். தேய்க்கிற பகுதி தவிர மற்ற இடம் துணியால் மூடியிருக்க வேண்டும். ஆரம்பிக்கும் முன் உங்கள் நோய், மருந்து, மாதவிடாய், கர்ப்பம் எல்லாம் கேட்க வேண்டும். கேட்காமல் எண்ணெயை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: சின்ன வயதில் நடந்த ஒரு விஷயத்தால் யார் தொட்டாலும் உடம்பு சுருங்கிக்கொள்கிறது. கணவர் நல்லவர், பொறுமையாக இருக்கிறார். என் உடம்பு என்னுடையதாகவே தோன்றவில்லை. மசாஜ் செய்தால் சரியாகும் என்று தோழி சொல்கிறாள். பயமாக இருக்கிறது.
வாசகி, ஊர் வேண்டாம்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் அம்மா. பயமாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அந்தப் பயத்தை மதியுங்கள். தோழி நல்ல எண்ணத்தில் சொல்கிறார். ஆனால் தெரியாத ஒருவர் முன் படுத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு மணி நேரம் உடம்பைக் கொடுப்பது உங்களுக்கு முதல் படி இல்லை. பத்தாவது படியாக இருக்கலாம். அந்தப் படிக்கே வராமல் இருந்தாலும் குற்றமில்லை.

இதே நிலையில் ஒருவர் என்னிடம் வந்தார். மனநல ஆலோசகர் அனுப்பியிருந்தார். முதல் நாள் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கதவைத் திறந்தே வைத்து, இரண்டு நாற்காலி போட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் என் உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து மேசைமேல் வைத்தேன். "விருப்பம் வந்தா உங்க கையை எம்மேல வைங்க, எப்ப வேணா எடுத்துக்கலாம்" என்றேன். இருபது நிமிடம் எதுவும் நடக்கவில்லை. நானும் கையை எடுக்கவில்லை. பிறகு அவர் ஆள்காட்டி விரல் மட்டும் என் கட்டைவிரல் மேட்டில் வந்து தொட்டது. ஈரமாக, சில்லென்று இருந்தது. உடனே எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவ்வளவுதான். நான்கு மாதம் கழித்துப் பாதத்துக்கு எண்ணெய் தேய்க்க விட்டார். அதுவும் அவர் கை என் கைமேல் இருக்க, வேகத்தையும் அழுத்தத்தையும் அவரே நடத்தினார். முழு உடம்பு மசாஜ் இன்றுவரை நான் அவருக்குச் செய்ததில்லை, கேட்கவும் இல்லை.

உங்களால் இப்போது முடிந்தது, உங்கள் கையால் உங்கள் காலைத் தொடுவது. இரவு கதவைத் தாழிட்டுக்கொண்டு, தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ நாலு சொட்டு வெதுவெதுப்பாக எடுத்து, ஒரு பாதத்தில் மட்டும் வையுங்கள். குதிகாலிலிருந்து விரல் வரை போங்கள். போகும்போது மனதுக்குள் பேர் சொல்லுங்கள்: இங்கே சூடு, இங்கே சொரசொரப்பு, இங்கே கூச்சம், இங்கே ஒன்றும் தெரியவில்லை. "ஒன்றும் தெரியவில்லை" என்பதும் சரியான பதில்தான், அதை ஒதுக்காதீர்கள். மூச்சு நிற்பது போலிருந்தாலோ, பழைய காட்சி வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்து, அறையில் உள்ள பொருள்கள் ஐந்தைப் பாருங்கள். தரையில் கால் பதிய நில்லுங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று உணர்வதற்கு மூளையில் ஒரு பகுதி இருக்கிறது. பசி, துடிப்பு, மூச்சு, இதமான தொடுகை எல்லாமே அங்கே போய்ச் சேருகின்றன. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்துதான் பலர் தங்களைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். அதனால்தான் "என் உடம்பு என்னுடையதாகத் தோன்றவில்லை" என்கிறீர்கள். உங்களிடம் எந்தக் கோளாறும் இல்லை அம்மா. ஒரு காலத்தில் அது உங்களுக்குக் காவலாக இருந்தது.

மனநல ஆலோசகரைப் பார்ப்பது அவசியம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, இரவும் பகலும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம் என்று தோன்றினால் காட்டுங்கள்.

கேள்வி: பேரன் பிறந்து 40 நாள். எண்ணெய் தேய்த்து, காலில் போட்டுக் குளிப்பாட்ட ஆசை. மகளோ டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று தடுக்கிறாள். நாங்களெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்?
வாசகி, திருச்சி ஸ்ரீரங்கம்

அம்மா, இதில் நான் பாதி உங்கள் பக்கம், பாதி மகள் பக்கம். என் அம்மாயி முற்றத்தில் மணைப்பலகை போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை முழங்காலுக்குக் கீழே கிடத்தி, இரண்டு கணுக்காலுக்கும் நடுவில் அதன் தலை அணைவாக நிற்கும்படி வைத்துக்கொள்வார். எண்ணெய் தொட்ட கையை முதலில் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்த பிறகுதான் பிள்ளைமேல் வைப்பார். அழுகிற பிள்ளை அந்தக் கை நெஞ்சில் படிந்ததும் அடங்குவதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த வேலைமேல் ஆசையே வந்தது.

அந்தக் கைக்குப் பலன் உண்டு என்று 1986ல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டு என்ற உளவியலாளரின் குழு எழுதியது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை ஒரு நாளைக்கு மூன்று முறை, முறைக்கு 15 நிமிடம், 10 நாள் தடவி, கை கால்களை மடக்கி நீட்டி விட்டார்கள். மற்றக் குழந்தைகளைவிட இவர்களுக்கு நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது. ஆறு நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போனார்கள். மருந்தில்லை, கை மட்டும்தான்.

இனி மகள் பக்கம். டாக்டர் எதை வேண்டாம் என்றார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது மசாஜாக இருக்காது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயில் விரல் விட்டுச் சளி எடுப்பது, பிறந்த குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் "பால் எடுப்பது", தலையை உருண்டையாகப் பிடிப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, சாம்பிராணிப் புகையில் முகத்தைக் காட்டுவது. இத்தனையும் வேண்டாம் அம்மா. மார்பைப் பிதுக்கிச் சீழ் கோத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். தொப்புள் நன்றாக ஆறியிருந்தால், பால் குடித்து அரைமணி கழித்து, தேங்காயெண்ணெயால் கை, கால், முதுகு, வயிறு மட்டும் தேய்த்தால் போதும். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால், விரலை விரித்துச் சிணுங்கினால் நிறுத்திவிடுங்கள். "போதும்" என்று சொல்ல அதற்கு வேறு வழி தெரியாது.

இன்னொன்று: பிள்ளைக்குத் தேய்த்து முடித்ததும் கையில் மிச்சமிருக்கும் எண்ணெயோடு மகளின் முதுகையும் கொஞ்சம் நீவிவிடுங்கள். அவளிடம் கேட்டுவிட்டு.

கேள்வி: அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றேன். 14 வருடமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போகிறது, கெண்டைக்காலில் நரம்பு சுருண்டிருக்கிறது. மகன் கால் மசாஜ் மெஷின் வாங்கித் தருகிறேன் என்கிறான். வாங்கலாமா?
வாசகர், விழுப்புரம்

வேண்டாம் ஐயா. மரத்த பாதத்துக்கு மெஷினின் சூடும் அழுத்தமும் எவ்வளவு என்று தெரியாது. தோல் புண்ணாகி நாலு நாள் கழித்துத்தான் கண்ணில் படும். சர்க்கரைக்காரருக்கு அந்த நாலு நாளே பெரிய நேரம். சுருண்ட நரம்பின்மேல் அழுத்தித் தேய்ப்பதும் கூடாது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் நடந்தது. வேளாங்கண்ணி போய்விட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பிய ஓர் அம்மா, "இடது கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு, நல்லா அழுத்தி விடு கண்ணு" என்று படுத்தார். எண்ணெயைக் கையில் ஊற்றிவிட்டேன். என் ஆசிரியை பின்னாலிருந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தார். "ரெண்டு காலையும் சேத்துப் பாரு" என்றார். பார்த்தேன். இடது கால் வலதைவிடத் தடித்திருந்தது, தோல் மினுமினுத்தது, தொட்டால் சுட்டது. ஆழமான சிரையில் இரத்தம் உறைந்திருந்தது என்று ஆஸ்பத்திரியில் ஸ்கேன் செய்து சொன்னார்கள். நான் அழுத்தியிருந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அன்றிலிருந்து யார் வந்தாலும் எண்ணெயைத் தொடும் முன் இரண்டு காலையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

நீங்கள் தினமும் இரவில் பாதத்தைக் கண்ணால் பாருங்கள், அடிப்பக்கத்துக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கொஞ்சம் எண்ணெயை மெதுவாகத் தடவுங்கள், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கும். ஸ்டியரிங் பிடித்த தோளுக்கும் முதுகுக்கும் மசாஜ் செய்துகொள்ள ஆசையிருந்தால், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதை முதலில் மசாஜ் செய்கிறவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மன அழுத்தத்துக்கு எந்தத் தைலம் சிறந்தது?
வாசகர், மதுரை

உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்கிற எதுவும். எனக்குக் காங்கேயத்துத் தேங்காயெண்ணெயும் செக்கு நல்லெண்ணெயும் போதும். வாதத்துக்கும் வலிக்கும் தரும் தைலங்களைச் சித்த மருத்துவரோ ஆயுர்வேத மருத்துவரோ சொன்னால் வாங்குங்கள். விலை கூடினால் நிம்மதி கூடுவதில்லை. புது எண்ணெயை முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து சமையலறையிலும் நிற்கிறாள். அவளுக்குக் கால் பிடித்துவிட ஆசை. முறையாகச் செய்யத் தெரியவில்லை. அம்மா பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்றும் இருக்கிறது.
வாசகர், தஞ்சாவூர்

தம்பி, இந்தக் கடிதத்தைத்தான் கடைசியாக எழுதுவதற்கு எடுத்து வைத்தேன். அம்மா என்ன நினைப்பாரோ என்ற கவலைக்கு ஒரு வழி: முதலில் அம்மாவுக்குப் பிடித்துவிடுங்கள். பழகினது போலவும் ஆகும்.

மனைவியிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். உங்கள் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், நகத்தை வெட்டுங்கள், போனை வேறு அறையில் போடுங்கள். அவர் படுத்திருக்க, முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. கட்டிலில் எண்ணெய் படாமல் பழைய துண்டு. எண்ணெயை அவர்மேல் ஊற்றாமல் உங்கள் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துச் சூடாக்குங்கள்.

கையை வைத்ததும் அசைக்காதீர்கள். இரண்டு பாதத்தின்மேலும் இரண்டு கை, அவர் நாலைந்து மூச்சு விடும்வரை. அந்த நேரத்தில் எந்தப் பாதம் சில்லென்றிருக்கிறது, எந்தப் பெருவிரல் விறைத்திருக்கிறது என்று கைக்குத் தெரிய வரும். அம்மாயி சொன்ன கண் இதுதான்.

பிறகு கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி நீவுங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு வேகம். நம் தோலில், மெதுவான தடவலுக்கென்றே தனி நரம்பிழைகள் இருக்கின்றன. ஸ்வீடனில் ஓலாவுசன் என்பவரின் குழு அவற்றை ஆராய்ந்தது. நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வரையான வேகத்தில்தான் அவை நன்றாகப் பேசுகின்றன. மூன்று சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கணுக்காலிலிருந்து முழங்கால் வரை போக உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி ஆக வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து ஒருமுறை செய்து பாருங்கள், எவ்வளவு மெதுவு என்று தெரியும். முழங்காலின் பின்பள்ளத்தில் அழுத்தக் கூடாது, அங்கே இரத்தக்குழாயும் நரம்பும் மேலாக ஓடுகின்றன.

கெண்டைக்காலைப் பிடிக்கும்போது மாவு பிசைவதுபோல் முழு உள்ளங்கையால் பிடித்து விடுங்கள், விரல் நுனியால் குத்த வேண்டாம். பாதத்தில் மட்டும் கட்டைவிரல். குதிகாலுக்குச் சற்று முன்னால், நாளெல்லாம் நின்றவர்களுக்கு ஒரு கடினமான பட்டை கையில் தட்டும். அங்கே அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பத்துக்கு எவ்வளவு வலி?" என்று கேளுங்கள். ஐந்துக்கு மேல் சொன்னால் குறையுங்கள். அவர் மூச்சை அடக்குகிறாரா, நெற்றி சுருங்குகிறதா என்று முகத்தையும் பாருங்கள். வாய் "பரவாயில்லை" என்று சொல்லும்போதே காலை இழுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நீங்கள் காலை நம்புங்கள்.

இரண்டு காலுக்கும் சேர்த்து இருபது நிமிடம் போதும். முடித்ததும் எண்ணெயைத் துண்டால் ஒற்றி எடுத்துவிடுங்கள், எழுந்து நடந்தால் வழுக்கும். பாதி வழியிலேயே தூங்கிவிட்டால் சட்டென்று கையை எடுக்காமல், வைத்த மாதிரியே கொஞ்ச நேரம் பாதத்தின்மேல் வைத்திருந்து, போர்வையை இழுத்துவிட்டு, விளக்கை அணையுங்கள். சமையலறையில் மிச்சமிருக்கிற பாத்திரம் அன்றைக்கு உங்களுடையது.